பிரான்ஸில் கார்ப் பயணம்: சுங்கச் சாலையா, ஊர்ச் சாலையா?

பாரிஸிலிருந்து லியோனுக்கு ஏ6 சுங்கச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 130 கி.மீ., மழை பெய்தால் 110. கட்டண வாசலில் ஆரஞ்சு நிற ‘t’ எழுத்து மட்டும் இருக்கும் வரிசை, சுங்கத்தைத் தானாகச் செலுத்தும் மின்கருவி பொருத்திய வண்டிகளுக்கு; நீங்கள் பச்சை அம்புக்குறி பார்த்துப் போங்கள்.

ஊர்ச் சாலையில் சுங்கம் கிடையாது, ஆனால் நேரம் பிடிக்கும். பெரும்பாலும் வரம்பு 80. சிவப்பு விளிம்பிட்ட ஊர்ப் பெயர்ப் பலகை வந்தாலே 50 என்று அர்த்தம், எண் எழுதியிருக்காது. அதே பெயர் குறுக்குக் கோட்டோடு வரும்வரை அதே வேகம்தான். அப்புறம், சந்திப்பில் பலகையோ கோடோ இல்லையென்றால் வலப்பக்கச் சின்னச் சந்திலிருந்து வருபவருக்கே முதல் வழி. நாம் பெரிய சாலையில் வருகிறோம் என்று நம்பிப் போய்விடாதீர்கள்.

பகலில் நான் ஊர்ச் சாலையைத்தான் சொல்வேன். வழியில் வரும் பர்கண்டி வட்டாரத்தின் திராட்சைத் தோட்டங்கள் ஜன்னலை ஒட்டியே வரும். இருட்டிவிட்டால் சுங்கச் சாலை.