தீசிஸ் முதல்லயா, கேரக்டர் முதல்லயா?

ஓ லெவல் லிட்ரேச்சர் எடுத்திருக்க அக்கா மக நேத்து காப்பிக்கடைல மைலோ பெங்க கலக்கிக்கிட்டே கேட்டா, "மாமா, தீசிஸ் எழுதிட்டு பாத்திரத்துக்குப் போகணுமா, இல்ல பாத்திரத்தப் புரிஞ்சுக்கிட்டு தீசிஸா?" தீசிஸ்னா கட்டுரைல நாம வாதாடப் போற மையக் கருத்து. ரெண்டு மாதிரியும் செய்றாங்க, ஷேக்ஸ்பியரோட மெக்பெத் நாடகத்த வச்சே சொல்றேன்.

நேரம்:
தீசிஸ் முதல்னா சீக்கிரம்.
கேரக்டர் முதல்னா சீன் சீனா போகணும், இழுக்கும்.

சுலபம்:
தீசிஸ் பாக்கத்தான் ஈஸி. மெக்பெத்தோட பொண்டாட்டியப் பத்தி "லேடி மெக்பெத் பேராசைக்காரி"ன்னு எழுதிட்டு வந்துருவாங்க, அத யாருமே மறுக்க மாட்டாங்களே, அப்புறம் வாதாட என்ன இருக்கு?
கேரக்டர்ல கதைய சும்மா ஒப்பிச்சிட்டு வர்ற ஆபத்து இருக்கு.

தாக்குப்பிடிக்கிறது:
இங்க கேரக்டர் முதல்தான், சந்தேகமே இல்ல. 2ஆம் அங்கத்துல லேடி மெக்பெத், ராஜா டங்கனக் கொன்ன ரத்தத்துக்குக் கொஞ்சம் தண்ணி போதும்ங்கிறா, அதே ஆளு 5ஆம் அங்கத்துல தூக்கத்துல நடந்துக்கிட்டு இல்லாத கறைய தேய் தேய்னு தேய்க்கிறா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா தீசிஸ் தானா வரும்: அவ துணிச்சல், குற்ற உணர்ச்சியத் தள்ளிப்போட்ட ஒரு நடிப்பு. இத ஒருத்தர் மறுக்கலாம், அதனாலதான் இது தீசிஸ்.

வீட்டுல ரிவிஷன் பண்றவங்க கேரக்டர்ல ஆரம்பிங்க. பரீட்சை ஹால்ல கடிகாரம் ஓடுறப்ப தீசிஸ முதல்ல எழுதிருங்க, ஆனா நாடகத்துலேர்ந்து ஒரு பேசேஜ் கொடுத்து கேட்டா அந்த வரிகள ரெண்டு தடவ படிக்காம பேனாவ எடுக்காதீங்க.