கம்பியில் தொங்குவதா, கம்பியை இழுப்பதா?

எங்கள் ஜிம் மதுரை கீழவாசல் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. மேலே தகரக் கூரை. சித்திரை மாதத்தில் மாலை ஆறு மணிக்குக்கூட ராடு கையைச் சுடும். திங்கட்கிழமை போனால் பெஞ்சுக்கு வரிசை நிற்கும். எல்லாருக்கும் அன்றைக்கு செஸ்ட். முதுகு கண்ணாடியில் தெரியாதில்லையா, அதனால் அதற்கு வியாழனோ வெள்ளியோ, ஆள் வந்தால் உண்டு. அந்த ஒரு நாளில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதுதான் எனக்கும் மாஸ்டருக்கும் ஐந்து வருடமாக ஓடும் வழக்கு. எனக்கு வயது 43, நாள் முழுக்கக் கல்லாவில் உட்காருகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். 22 வயதுப் பையனுக்குச் சில இடங்களில் தீர்ப்பு மாறும்.

முதலில், கம்பியில் தொங்கி உடம்பை மேலே ஏற்றும் புல்லப்பும், மெஷினில் உட்கார்ந்து தலைக்கு மேலே இருக்கும் கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுனும். இரண்டிலும் முக்கியமாக உழைக்கிற தசை ஒன்றுதான், ஜிம்மில் 'விங்ஸ்' என்கிறோமே, அது. இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் விசிறி மாதிரி விரிந்து தொடங்கி, அக்குள் வழியாகப் போய் மேல்கை எலும்பில் ஒட்டிக்கொள்ளும். மேலே போன கையைக் கீழே கொண்டுவருவது அதன் வேலை. ராத்திரி கடை ஷட்டரைக் கொக்கி போட்டு இழுக்கிறேனே, அப்போது இழுப்பது அந்தத் தசைதான்.

புல்லப்பில் பேரம் கிடையாது. நான் 78 கிலோ; கம்பியில் தொங்கினால் அந்த 78 கிலோவையும் நான்தான் மேலே ஏற்ற வேண்டும். புல்டவுனில் பின்னைச் செருகி 25 கிலோவில்கூட ஆரம்பிக்கலாம். ஆனால் மெஷினில் எழுதியிருக்கும் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். கப்பி எத்தனை, கேபிள் எவ்வளவு உரசுகிறது என்பதைப் பொறுத்து மெஷினுக்கு மெஷின் கனம் மாறும். இங்கே 50 இழுக்கிறவன் அண்ணா நகரில் வேறொரு ஜிம்மில் 40-க்கே முக்கலாம். அதனால் 'நான் 60 இழுக்கிறேன்' என்று சொல்லும் ஆளிடம் எந்த மெஷினில் என்று கேட்டுவிட்டுத்தான் ஆச்சரியப்பட வேண்டும். புல்லப்பில் இந்த ஏமாற்று கிடையாது. பத்து என்றால் எல்லா ஊரிலும் பத்து.

பிடி வலுவிலும் புல்லப்தான் மேல். மார்கழி பிறந்துவிட்டால் அவனியாபுரம், பாலமேடு பக்கம் மாடு பிடிக்கப் போகிற பையன்கள் எங்கள் ஜிம்முக்கு வருவார்கள். புல்டவுன் பக்கம் அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திமிலை அணைத்துத் தொங்கப் போகிறவன் கம்பியில் தொங்கிப் பழகுவதுதானே முறை.

அப்படியென்றால் புல்லப்தான் ஜெயித்ததா? ஐந்து சுத்தமாக எடுக்க முடிந்தால், ஆமாம். சுத்தம் என்றால் கை முழுக்க நீண்ட நிலையிலிருந்து தாடை கம்பியைத் தாண்டும்வரை, காலை உதறாமல். அது முடியாதவர் பாதி தூரம் துள்ளித் துள்ளி எடுத்தால் முதுகுக்கு ஒன்றும் சேராது. கையும் கழுத்தும்தான் களைக்கும். நான் முதல் வருடம் முழுக்க அதைத்தான் செய்தேன். கடைசியில் மாஸ்டர், "அண்ணே, ஏறத் தெரியலைன்னா இறங்கப் பழகுங்க" என்றார். பெஞ்சில் ஏறி நின்று, தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, ஐந்து எண்ணி முடிக்கும்வரை பையப் பைய இறங்க வேண்டும். அப்படி நாலு, ஐந்து முறை. அதன்பின் புல்டவுனில் மூன்று செட், செட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு. நாலாவது மாதம் முதல் புல்லப் வந்தது. என்னை மாதிரி ஆட்களுக்கு இரண்டும் எதிரிகளே இல்லை. ஒன்று மாடி, இன்னொன்று ஏணி. புல்டவுன் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இறக்காமல் மேல்நெஞ்சுக்கு இறக்குங்கள், அது போதும்.

இரண்டாவது, ரோ. குனிந்து நின்று ராடை வயிற்றுக்கு இழுக்கும் பார்பெல் ரோவா, ஒரு கையை பெஞ்சில் ஊன்றி மறு கையால் இழுக்கும் டம்பெல் ரோவா? நிறைய வெயிட் போட முடிவது ராடில்தான். முதுகு, இடுப்பு, தொடையின் பின்பக்கம் எல்லாம் சேர்ந்து உழைக்கும். சிக்கலும் அதுவே. குனிந்த நிலையிலேயே நிற்பதால் விங்ஸ் களைப்பதற்கு முன்னால் இடுப்பு களைத்துவிடும். களைத்த இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும். எட்டாவது ரெப்பில், அதாவது எட்டாவது இழுப்பில், பார்த்தால் ஆள் ஏறக்குறைய நின்றுகொண்டிருப்பார், ராடு தொடையில் உரசிக்கொண்டிருக்கும். நாளெல்லாம் உட்கார்ந்து ஏற்கெனவே இடுப்பு பிடித்துக்கொண்ட ஆளுக்கு இதைக் கொடுப்பது நியாயமே இல்லை.

ஒரு கை டம்பெல் ரோவில் ஊன்றிய கை உடம்பைத் தாங்கிக்கொள்ளும், இடுப்புக்கு நிம்மதி. டம்பெல்லை நெஞ்சை நோக்கி இழுக்காமல், முழங்கையைப் பின்பாக்கெட்டை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு வரியை எனக்குச் சொல்லித்தர இரண்டு வருடம் யாருக்கும் தோன்றவில்லை. இன்னொரு லாபமும் உண்டு: பேட்டை ஜிம்மில் கனமான டம்பெல்லுக்கு ஜோடி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஜோடியே தேவையில்லை. இடுப்பு நன்றாக இருக்கும் இளவட்டங்கள் ராடை எடுக்கட்டும். என் ஓட்டு டம்பெல்லுக்கு.

உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோவும் நல்லதுதான், மாசி வீதியில் தேர் வடம் பிடிக்கிற மாதிரி உடம்பு முழுக்கப் பின்னால் சாயாமல் இழுத்தால். தேருக்கு அது சரி, கேபிளுக்குச் சரியில்லை.

இனி தோள். நின்றுகொண்டு ராடைத் தலைக்கு மேல் தள்ளும் பிரஸ்ஸுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்வரை பளுதூக்கும் போட்டியில் அதுவும் ஒரு பிரிவு. வீரர்கள் முதுகை வில்லாக வளைத்துத் தூக்க ஆரம்பித்ததும், எது சரி எது தப்பு என்று நடுவர்களால் தீர்மானிக்க முடியாமல் அதை எடுத்துவிட்டார்கள். அதே வில்லை இன்றைக்கும் எங்கள் ஜிம்மில் தினமும் பார்க்கலாம். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டு தள்ளினால் இதைவிட நல்ல தோள் பயிற்சி குறைவு. மேலே ஃபேன் எங்கே சுற்றுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உட்கார்ந்து செய்யும் டம்பெல் பிரஸ்ஸில் வெயிட் குறையும். ஆனால் ஒவ்வொரு கையும் தனக்கு வசதியான வழியில் போகும். முழங்கையை நேர் பக்கவாட்டில் விரிக்காமல் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளலாம், தோள் மூட்டுக்கு அது இதம். இடது கை எவ்வளவு சோம்பேறி என்பதும் முதல் செட்டிலேயே தெரிந்துவிடும். நான் டம்பெல் கட்சி. காரணம், முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு ஜிம்மில் ராடைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கித் தூக்கச் சொன்னார்கள், நானும் வெயிட்டை ஏற்றிக்கொண்டே போனேன். வலது தோள் மூன்று மாதம் போனது. ஷட்டரை ஏற்றக்கூடப் பக்கத்துக் கடைத் தம்பியைக் கூப்பிட வேண்டியிருந்தது. தோள் நன்றாக வளைகிற சிலர் அதைப் பழுதில்லாமல் செய்கிறார்கள். எனக்கு வேண்டாம்.

தோளை அகலமாகக் காட்டும் பக்கத்துச் சதைக்கு, ராடை உடம்பை ஒட்டி மேலே இழுக்கும் அப்ரைட் ரோ, டம்பெல்லைப் பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரெய்ஸ் என்று இரண்டு. இதில் யோசிக்கவே வேண்டாம், லேட்டரல் ரெய்ஸ். அப்ரைட் ரோவில் குறுகலாகப் பிடித்துத் தாடைவரை இழுக்கும்போது கை உள்பக்கம் திரும்பிய நிலையிலேயே மேலே போகிறது. தோள் எலும்புக்கு அடியில் ஓடும் தசைநார் அங்கே நசுங்க வாய்ப்பு அதிகம். லேட்டரல் ரெய்ஸுக்கு 5 கிலோ போதும், 15 ரெப். 5 கிலோவை எடுக்கக் கூச்சப்பட்டு 15 கிலோவை எடுத்து உடம்பை ஊஞ்சலாட்டுகிறவர்களின் தோளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கர்லாக்கட்டை? எங்கள் ஜிம் மூலையில் ஒரு ஜோடி சாத்தி வைத்திருக்கிறது. தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவரும்போது தோள் மூட்டு திறக்கிற சுகத்தை எந்த மெஷினும் தராது. வாரா வாரம் எடையைக் கூட்டிக்கொண்டு போக அதில் வழியில்லை என்பதால் சதை வளர்க்க அதை நம்பமாட்டேன். பிரஸ்ஸுக்கு முன்னால் ஐந்து நிமிடம் சுற்றுகிறேன்.

பாக்கி இருப்பது ஃபேஸ் புல். கேபிளில் கயிற்றை மாட்டி முகத்தை நோக்கி இழுப்பது, பின்தோளுக்கு. பெஞ்சில் படுத்து ராடைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸே முன்தோளுக்கு வேண்டியதைக் கொடுத்துவிடுகிறது. பின்தோளை யாரும் சீண்டுவதில்லை. இதற்கு எதிராக நிறுத்த எங்கள் ஜிம்மில் வேறொன்று இல்லை, அதனால் ஒப்பீடும் இல்லை. வாரம் இரண்டு முறை செய்கிறேன். அந்தக் கயிறு எப்போதும் ஆணியில் சும்மாத்தான் தொங்கும். திங்கட்கிழமைகூட வரிசை கிடையாது.