விண்டோஸ் கால்குலேட்டரின் அழுத்த மாற்றி: பட்டறைக்கு எவ்வளவு உதவும்?

விண்டோஸ் கணினியோடு இலவசமாகவே வரும் கால்குலேட்டர் செயலியில், அழுத்த அலகுகளை மாற்றுவதற்கென்று தனிப் பக்கம் ஒன்று உண்டு. கம்ப்ரசர், பாய்லர், ஹைட்ராலிக் பிரஸ் என்று அழுத்தமானிகளுக்கு நடுவே வேலை செய்பவர்களின் தேவையை மனத்தில் வைத்து இதை மதிப்பிடுகிறேன்.

கணக்கில் குறை சொல்ல இடமில்லை. கார் டயருக்கான 33 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு விசை என்னும் அலகு) என்பதைத் தட்டினால் 227.5 கிலோபாஸ்கல் என்ற விடை உடனே வருகிறது. வேறு அலகுகளில் அதன் தோராய மதிப்பும் கீழே தெரிகிறது. இணைய இணைப்பு தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் 2019ஆம் ஆண்டில் இச்செயலியின் மூல நிரலை வெளியிட்டுவிட்டதால், எந்த எண்ணால் பெருக்கி இந்த விடை பெறப்படுகிறது என்பதை எவரும் சரிபார்க்கலாம். அளவீட்டுக்கு உதவும் எதிலும் இந்த வெளிப்படைத்தன்மையையே நான் முதலில் எதிர்பார்ப்பேன்.

ஆனால் அலகுகளின் பட்டியல் நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் போதாது. வளிமண்டலம், பார், கிலோபாஸ்கல், பாஸ்கல், மி.மீ. பாதரசம், பிஎஸ்ஐ என்ற ஆறு மட்டுமே உள்ளன; "ஏழு கேஜி காற்று" என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்தச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை என்னும் அலகு இல்லை. இதனால் பலரும் கேஜிக்குப் பதிலாகப் பாரைத் தேர்ந்தெடுத்துவிட வாய்ப்புண்டு. ஒரு கேஜி என்பது 0.980665 பார்தான், ஆகவே 7 கேஜி 99.6 பிஎஸ்ஐ ஆகும்போது, 7 பார் 101.5 பிஎஸ்ஐ ஆகிறது. பெயின்ட் அடிக்கும் துப்பாக்கிக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை என்றாலும், பாதுகாப்பு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று அமைப்பவர் இதை விட்டுவிடக் கூடாது. கேஜி மதிப்பை 98.0665 ஆல் பெருக்கிக் கிலோபாஸ்கலாக உள்ளிட்டால் சரியான விடை கிடைக்கும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டறை அழுத்தமானி வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாகக் கொண்டு காட்டுகிறது. வெற்றிட பம்புகளின் விவரத்தாளிலோ வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தமே பெரும்பாலும் தரப்படுகிறது. கடல் மட்டத்தில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல், அதாவது 14.7 பிஎஸ்ஐ வித்தியாசம் உண்டு. இந்த மாற்றி எண்ணைப் பெருக்கித் தருமே தவிர எந்த வகை அழுத்தம் என்று கேட்பதில்லை என்பதால், மானியின் அளவை விவரத்தாளோடு ஒப்பிடுபவர் அந்தக் கூட்டலைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.