ஓடிடி கோப்பில் தமிழ்: பெட்டி திறந்திருந்தால் போதாது

ஓடிடி என்றதும் வீட்டில் படம் பார்க்கும் தளம்தான் பலருக்கு நினைவு வரும். இங்கே பேசுவது லிப்ரெ ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் ஆவணம் எழுதும் செயலியான ரைட்டர் சேமிக்கும் ஓடிடி (ODT) கோப்பைப் பற்றி. இது சேர்ந்த ஓப்பன் டாகுமென்ட் வடிவத்தை 2005-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பு தரமாக ஏற்றது. 2006-இல் அது ஐஎஸ்ஓ 26300 ஆனது. தரம் திறந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடிதம், கணக்கு, கட்டுரை எல்லாவற்றையும் நெடுநாள் இதிலேயே வைத்திருந்தால் ஒன்று பிடிபடும்: திறந்திருப்பது பெட்டி மட்டும்தான். உள்ளே போட்ட தமிழ் நாளைக்கும் தமிழாக இருக்குமா என்பது போட்டவர் கையில் இருக்கிறது.

கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளடக்கத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களோடு எழுதிய உரைக் கோப்பு), பாணிகளுக்கு ஒன்று, ஆசிரியர் பெயரும் தேதியும் இருக்கும் மெட்டா கோப்பு, படங்களுக்கு ஓர் அடைவு, முதல் பக்கத்தின் சிறிய முன்தோற்றப் படம் எல்லாம் கிடைக்கும். திருத்திவிட்டுத் திரும்பக் கட்டும்போதுதான் பலரும் சறுக்குவார்கள். கோப்பின் வகையைச் சொல்லும் ‘மைம்டைப்’ என்ற சின்னக் கோப்பு ஜிப்பில் முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது தரம். அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, உள்ளே இருப்பவற்றைத் தேர்ந்தெடுக்காமல் அடைவையே வலது சொடுக்கி ஜிப் செய்வது. ஒரு படி கூடுதலாக அடைவு உருவாகி, கோப்பு கெட்டுவிட்டதாக ரைட்டர் சொல்லும்.

பென்டிரைவைப் பாதியில் பிடுங்கியதால் கெட்ட கோப்பு வேறு வகை. ஜிப்பின் பொருளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருப்பதால், வால் அறுந்தால் எதுவுமே திறக்காது. ஜிப் கட்டளையில் பழுதுபார்க்கும் தெரிவு உண்டு. உள்ளடக்க எக்ஸ்எம்எல் முழுதாக எழுதப்பட்டிருந்தால் உரை அப்படியே மீளும்.

இனி தமிழ். ரைட்டர் ஒவ்வொரு பாணிக்கும் மூன்று எழுத்துரு இடங்களை வைத்திருக்கிறது: மேற்கத்தியம், ஆசியம், காம்ப்ளக்ஸ். இந்த ஆசியம் என்பது சீனம், ஜப்பானியம், கொரியம்தான்; தமிழ் மூன்றாவதில் வருகிறது. எழுத்துரு மட்டுமல்ல, அளவு, தடிமன், மொழி எல்லாமே மூன்று தனித்தனிப் பண்புகள். பாணியைத் திருத்தி அளவை 14 ஆக்கியும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் பெரிதாகித் தமிழ் 12-லேயே நிற்பது இதனால்தான். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டைத் தேர்ந்து, மொழியைத் தமிழ் என்று வையுங்கள். பிறகு டிஃபால்ட் பாராகிராஃப் பாணியில் அந்த மூன்றாவது இடத்தை ஒருமுறை நிரப்பிவிட்டால் மற்றப் பாணிகள் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கருவிப்பட்டையில் வரி வரியாக மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

எழுத்துருவில் லதா, நிர்மலா இரண்டும் விண்டோஸுக்கானவை. லினக்ஸில் அவை இருக்காது. நோட்டோவோ லோகித்தோ அந்த இடத்தை நிரப்பும், அகலம் மாறும், 10 பக்கம் 11 ஆகும். நோட்டோ செரிஃப் தமிழைத் தேர்ந்து, ஃபைல், பிராப்பர்ட்டீஸ், ஃபான்ட் பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கச் சொல்வதே பத்திரம். கோப்பு கனக்கும்தான், பக்கம் ஓடுவதற்கு அது மேல்.

பெட்டி திறந்து உள்ளே பூட்டு தொங்குவதற்குச் சரியான எடுத்துக்காட்டு, ஆங்கிலக் குறிகளின் மேல் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துரு. அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ், இல்லாத கணினியில் குப்பை. ஐஎஸ்ஓ தரம் இதைக் காப்பாற்றாது. ஆனால் மாற்றும் வேலைக்கு ஓடிடி பெரிதும் உதவும். எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது எக்ஸ்எம்எல்லில் எழுதியே இருப்பதால், பாமினித் துண்டுகளை மட்டும் பொறுக்கி மாற்றலாம். நடுவில் இருக்கும் நிஜ ஆங்கிலம் சிதையாது. எழுத்துருப் பெயர் அந்தத் துண்டின் பாணியில் இல்லாமல் தாய்ப்பாணியில் இருக்கக்கூடும், எனவே சங்கிலியை மேலே வரை பார்க்க வேண்டும்.

மாற்றும் வரிசையிலும் கவனம் வேண்டும். பாமினியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் அடிக்கப்படும், எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் பின்னால் வரும். அதனால் கொம்பு, மெய், கால் மூன்றும் சேர்ந்த ‘கொ’ போன்ற நீளமான கோவைகளை முதலில் மாற்றி, தனி எழுத்துகளைக் கடைசியில் மாற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால் கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

யூனிகோடிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நிரல் தேடினால் ஒன்று அகப்படும், மற்றது நழுவும். பைத்தான் நிரல்மொழியின் யூனிகோட்டேட்டா நூலகத்தில் என்எஃப்சி இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும். ‘ஔ’வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டெழுத்து அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது, அது எழுத்துப்பிழை.

நிரல் எழுதி உரையைப் பிரிப்பவர்கள் மூன்று இடங்களில் தடுக்கி விழுவார்கள். அடுத்தடுத்த இடைவெளிகள் எழுத்தாக இல்லாமல் எண்ணிக்கை சொல்லும் தனிக்குறியாக இருக்கும். விரிதாளில் ஒரே மாதிரியான அடுத்தடுத்த கட்டங்கள் ஒருமுறை எழுதப்பட்டு ‘இத்தனை முறை’ என்று மட்டும் குறிக்கப்படும். அதைக் கவனிக்காத நிரலில் ஐந்தாம் நெடுவரிசையின் தொகை இரண்டாம் நெடுவரிசையில் வந்து உட்காரும். மூன்றாவதுதான் சங்கடமானது: மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதி இயங்கியிருந்தால், நீக்கிய வரிகளும் அதே எக்ஸ்எம்எல்லில் இருக்கும். திரையில் மறைத்திருந்தாலும் பிரித்துப் பார்ப்பவருக்குத் தெரியும்.

கோப்பின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் வைப்பதற்கு எஃப்ஓடிடி வடிவம் நல்லது. ஜிப் இல்லாத ஒற்றை எக்ஸ்எம்எல், வரி வேறுபாடு தெரியும். படம் அதிகமுள்ள ஆவணத்துக்கு வேண்டாம். படங்கள் எழுத்துக் கோவையாக மாறி உள்ளேயே அடைபடும்.

மைக்ரோசாப்ட் பக்கம் போய்வரும் கோப்புகளில் உரையும் தலைப்பும் சாதாரண அட்டவணையும் பெரும்பாலும் பிழைக்கின்றன. மிதக்கும் சட்டகங்கள் இடம் மாறுகின்றன. லிப்ரெ ஆபிஸ் இயல்பாகச் சேமிப்பது ‘எக்ஸ்டென்டட்’ வகை, அதாவது தரத்துக்கு மேல் தன் சொந்தச் சேர்க்கைகளும் கொண்டது என்பதையும் மறக்கக்கூடாது. பழைய கதை ஒன்று: 2009-இல் ஆபிஸ் 2007-க்கு வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் இதே குடும்பத்தின் விரிதாள் வடிவமான ஓடிஎஸ்ஸைத் திறந்தது, ஆனால் மற்ற மென்பொருள்கள் எழுதிய சூத்திரங்களைக் கைவிட்டு மதிப்பை மட்டும் வைத்தது. சூத்திர மொழியைத் தரம் வரையறுத்ததே 1.2 பதிப்பில்தான், 2011-இல்.

வழங்கியில் (சர்வரில்) திரையில்லாமல் பிடிஎஃப்பாக மாற்றும்போது ஒன்றுமே நடக்காமல் கட்டளை முடிந்தால், அதே பயனர் சுயவிவரத்தில் இன்னொரு லிப்ரெ ஆபிஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். மாற்றும் வேலைக்குத் தனிச் சுயவிவர அடைவு கொடுத்தால் தீரும். தமிழ் கட்டங்கட்டமாக வந்தால் அந்த வழங்கியில் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை.

தமிழ் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருவது தெரிந்ததே. இதற்கு ஏற்றுமதிப் பெட்டியில் ‘ஹைப்ரிட் பிடிஎஃப்’ என்ற தெரிவு இருக்கிறது. மூல ஓடிடி பிடிஎஃப்பின் உள்ளேயே ஒளிந்திருக்கும், ரைட்டர் அதைத் திறந்து திருத்தலாம். வெளியாருக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் இதை அணைத்துவிடுங்கள். பதிவான மாற்றங்களில் நீக்கிய வரிகளும் சேர்ந்தே போகும்.