கொடைக்கானல் ஏரி: பெடல் போட்டா, துடுப்புப் படகா?

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதில்லை. மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டித் தேக்கிய நீர் அது. 1845 முதலே அமெரிக்க மிஷனரிகள் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து இங்கே பங்களா கட்டித் தங்கிவந்தார்கள். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறியது. 1890-ல் படகு கிளப் வந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அதன் கதவு திறந்தது 1932-ல்தான்.

பள்ளத்தாக்கின் மடிப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றதால் ஏரிக்கு நட்சத்திர வடிவம். எங்கே நின்றாலும் அந்த நட்சத்திரத்தின் ஏதாவது ஒரு கை மறைந்துவிடும். அரை மணி நேர டிக்கெட்டில் முழு ஏரியையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் ஏமாற்றம்தான்.

பெடல் போட் பிள்ளைகளுக்குச் சரி. கனமானவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகு சாய்ந்து அந்தப் பக்கமே இழுக்கும், எடையைப் பிரித்து உட்காருங்கள். படகு ஓடும்போதுதான் சுக்கான் கேட்கும். நின்ற இடத்தில் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் திரும்பாது. கரையோரம் ஆழம் குறைவு, நீர்ச்செடி அதிகம். செடி சக்கரத்தில் சுற்றி பெடல் இறுகினால் மிதித்து முறுக்காமல் பின்பக்கமாக நாலைந்து சுற்று மிதியுங்கள், பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். பெரியவர்களுக்கு எங்கள் ஓட்டு படகோட்டியோடு வரும் துடுப்புப் படகுக்கே. சத்தமில்லை, முழங்கால் வலியில்லை, செடி இல்லாத வழியும் அவருக்குத் தெரியும். எதில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளும் பூட்டுகிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

காலையில் படகுத்துறை திறந்ததும் போய்விடுவது நல்லது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் எதிர்க்கரை தெரியாது. ஏப்ரல், மே சனி ஞாயிறுகளில் வரிசையில் நிற்கும் நேரம் படகில் இருக்கும் நேரத்தைவிட அதிகம். அன்றைக்குப் படகை விட்டுவிட்டு, ஏறக்குறைய 5 கி.மீ. ஏரிச் சாலையை நடந்தே சுற்றுங்கள். மறைந்த கைகளெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். வாடகை சைக்கிள் எடுத்தால் பின் பிரேக்கைச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். மலையேறுமுன்பே எடுத்துவிடுங்கள், நடுவழியில் சிக்னலை நம்ப முடியாது. அரசுப் பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. வழியில் விழும் வெள்ளி நீர்வீழ்ச்சி இந்த ஏரியின் உபரி நீர்தான். போட்டோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குடிக்கவோ குளிக்கவோ வேண்டாம்.