தஞ்சோங் பகாரில் சனிக்கிழமை மூணு மணிக்கு: கொரியன் பேசிப் பழக ஒரு மேசை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரோட்டில் கொரியச் சாப்பாட்டுக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. நான் எழுதப்போவது இறைச்சி சுட்டுத் தரும் பெரிய கடைகளைப் பற்றி இல்லை. பக்கத்துச் சந்தில் ஆறே மேசை போட்ட ஒரு கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) கடை. ஐம்பதைத் தாண்டிய கொரிய அம்மா ஒருவரும் அவர் கணவரும் நடத்துகிறார்கள். சனிக்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்ததும், மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை, குளிர்பானப் பெட்டியை ஒட்டிய மேசை கொரியன் பேசிப் பழக வருகிறவர்களுக்கு. தனிக் கட்டணம் கிடையாது. ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டும், உட்கார்ந்திருக்கும் வரை கொரியனில் பேச வேண்டும், அவ்வளவுதான். எழுதினால் கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அந்த வட்டாரத்தில் விசாரித்தால் காட்டிவிடுவார்கள்.

நான் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். எங்கள் தளத்தின் மேலாளர்கள் கொரியர்கள். கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் கூட்டம் முடிந்து எழுந்து போகிற இரண்டு நிமிடத்தில் அவர்களுக்குள் கொரியனில் பேசிக்கொள்வதுதான் மறுநாள் வேலையாக வந்து நிற்கும். அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். முதலில் ஒரு தனியார் மையத்தில் மாலை வகுப்புக்குப் பணம் கட்டினேன். ஆசிரியர் நல்லவர், புத்தகம் நல்ல புத்தகம். ஆனால் அறை நிறைய ஆட்கள். இரண்டு மணி நேர வகுப்பில் ஒருவர் வாய் திறக்க இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தால் அதிகம். இலக்கணம் தெரிந்தது, பேச்சு வரவில்லை. கூட வேலை பார்க்கும் வியட்நாம் தம்பி ஒருவன்தான் இந்தக் கடையைச் சொன்னான். ஒரு வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். நடுவில் ஒரு பெரிய தட்டு நிறைய சோயா அவரைமுளை, கொரியனில் கொங்னாமுல். இரவு வியாபாரத்துக்கு அதை ஆய்ந்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, நுனி வேரைக் கிள்ளிப் போட்டு, தோல் ஒட்டியிருந்தால் அதையும் உரித்து, பக்கத்துப் பாத்திரத்தில் போடுவது. வருகிறவர்கள் எல்லோரும் கை கழுவிவிட்டு அதில் உட்கார்ந்துவிடுவோம். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகப் பேசுகிறது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்பதாலோ என்னவோ, கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது. பிலிப்பீன்ஸ் தாதி ஒருவர், ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர், அந்த வியட்நாம் தம்பி, நான். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள்.

அந்த அம்மாவை நாங்கள் ‘இமோ’ என்று கூப்பிடுகிறோம். தாயின் சகோதரியைக் குறிக்கும் முறைப்பெயர் அது; கொரியாவில் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண்களையும் அப்படிக் கூப்பிடுவது வழக்கம். நம் ஊரில் முன்பின் தெரியாதவரை அக்கா, சின்னம்மா என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது ஒரு பாடமே இல்லை.

இமோ ‘தப்பு’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னதைச் சரியான உருவத்தில் திருப்பிக் கேட்பார், பேச்சு நிற்காமல் ஓடும். ஒரு நாள் தாதி, கடைக்காரரான கணவரைப் பார்த்து “பாப் மொகொஸ்ஸொயோ?” என்று கேட்டார், சாப்பிட்டாச்சா என்று. முளையைக் கிள்ளிக்கொண்டே இமோ, “ஆமாம், பாப் துஷொஸ்ஸொயோ?” என்று கணவரிடம் அதையே கேட்டார். வயதில் பெரியவர் சாப்பிடுவதற்குச் சொல்லே வேறு. தூங்குவதற்கும் அப்படித்தான், நமக்கு ‘ஜாதா’, பெரியவர்களுக்கு ‘ஜுமுஷிதா’. தமிழில் விகுதியை மாற்றினால் மரியாதை வந்துவிடுகிறது. அங்கே சில வினைகளுக்கு வேரையே மாற்ற வேண்டியிருக்கிறது. இதை வகுப்பில் அட்டவணையாகப் படித்திருந்தேன். அன்றைக்கு அந்தத் தாதி அடுத்த வாக்கியத்திலேயே சரியாகச் சொன்னார். அட்டவணையால் அது எனக்கு நடக்கவில்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மேசையில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் கட்டுமானம் நம்முடையதுதான். வினை கடைசியில் வரும், வேற்றுமை பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘நான் நேற்று சாப்பிட்ட சோறு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் வைத்தால் கொரியன் வந்துவிடுகிறது: நேகா ஒஜே மொகுன் பாப். ‘மொகொ போசேயோ’ என்றால் சாப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் சாப்பிட்டு, பார், இரண்டும் அப்படியே உண்டு. சீன ஆசிரியர் இந்தத் துணைவினைகளை மனப்பாடம் செய்து கொண்டு வருவார். எனக்கு அது கேட்டவுடன் உள்ளே இறங்கும். இதை வைத்துத் தமிழும் கொரியனும் ஒரு தாய் மக்கள் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஜப்பானிய மொழிக்கும் துருக்கி மொழிக்கும்கூட இந்த வரிசைதான். உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், ஒத்துப்போவதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒலியிலும் கொஞ்சம் ஆதாயம் உண்டு. ‘காகம்’ என்று சொல்லும்போது முதல் எழுத்து வன்மையாகவும் நடு எழுத்து மென்மையாகவும் வருகிறதே, கொரியனிலும் சாதாரணக் ககரம் அப்படித்தான். ‘கோகி’ என்றால் இறைச்சி. ‘காசு’, ‘பாட்டு’ இவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம் அவர்களுக்குத் தனி உயிரெழுத்து, ஒரே ஒரு படுக்கைக் கோடு.

சிக்கல் வேறு இடத்தில். நிலா, மகள், முகமூடி, மூன்றையும் தமிழில் எழுதினால் ‘தால்’ என்றுதான் எழுத முடியும். கொரியனில் மூன்றுக்கும் முதலெழுத்து வேறு: ஒன்று இயல்பாக, ஒன்று தொண்டையை இறுக்கி, ஒன்று மூச்சைத் தள்ளி. இமோ ஒரு டிஷ்யூத் தாளைப் பிரித்து என் வாய்க்கு முன்னால் பிடித்தார். முகமூடி என்று சொல்லும்போது தாள் நன்றாக ஆட வேண்டும், நிலாவுக்குக் கொஞ்சம் அசையலாம், மகளுக்கு அசையவே கூடாது. அந்த ஒரு பயிற்சிக்கே அரை மணி நேரம் ஒதுக்கினார், பக்கத்து மேசைக்கு ஆர்டர் எடுக்க எழுந்து போனபோதும் அங்கிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு “இன்னொரு தரம்” என்றார். எந்தச் செயலியும் எனக்கு இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்ததில்லை.

போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. இமோ பூசான்காரர். அவர் பேச்சு கியொங்சாங் வட்டார வழக்கு, ஏற்ற இறக்கம் தனி. ‘சாப்பிட்டியா’ என்பது அவர் வாயில் ‘பாப் முன்னா?’ ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ‘னா’, என்ன, எங்கே என்று கேட்டால் ‘னோ’. திருநெல்வேலி வீட்டில் வளர்ந்து தமிழ் பழகிய வெளிநாட்டுக்காரர் எப்படிப் பேசுவாரோ அப்படி ஆகிவிடுவோம். எங்கள் மேலாளர் என் பேச்சைக் கேட்டு “பூசானில் இருந்தீர்களா?” என்று கேட்டார், அன்றிலிருந்து என்னிடம் கொரியனிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு இது குறையாகவே படவில்லை. சோல் பேச்சு மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கணவர் இருக்கிறார். அவர் சோலுக்குப் பக்கத்து இஞ்சொன்காரர், சமையலறைச் சன்னல் வழியே ஒவ்வொரு வட்டாரச் சொல்லுக்கும் பொதுமொழிச் சொல்லைக் குரல் கொடுத்துச் சொல்வார். இருவரும் இதை வைத்து வாக்குவாதம் பண்ணும்போது நன்றாகக் கவனியுங்கள், வேகமான கொரியன் கேட்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

சாப்பாடு: கிம்பாப் 7 வெள்ளி, கிம்ச்சி ஜிகே (புளித்த முட்டைக்கோசுக் குழம்பு) 12 வெள்ளி, வாற்கோதுமைத் தேநீர் கேட்கிற அளவுக்கு இலவசம். ஜிகே நல்ல புளிப்பு, பழைய கிம்ச்சியில் செய்கிறார்கள். சைவக்காரர்கள் கவனம், கிம்ச்சியில் பெரும்பாலும் இறாலோ மீனோ ஊறவைத்த சாறு இருக்கும், கிம்பாப்பில் ஹேம் இருக்கும். “ஹேம் பே ஜுசேயோ” என்றால் ஹேமை எடுத்துவிட்டுத் தருவார்கள். மாடு சாப்பிடாதவர்கள் ‘சோகோகி’ என்ற சொல்லை முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹலால் கடை இல்லை.

எழுத்தே தெரியாமல் இந்த மேசைக்குப் போகாதீர்கள். சேஜொங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் அறிவித்த எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் 24, அதில் மெய் 14, உயிர் 10. உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு அசையைக் கட்டமாக அடுக்குவது ஒரு வாரத்தில் பிடிபடும். சுவரில் மாட்டியிருக்கும் விலைப்பட்டியலை வாசிக்கத் தெரிந்தால்தான் முதல் நாள் பேச்சு ஆரம்பமாகும். டோபிக் என்ற கொரிய மொழித்திறன் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இது சரிவராது. அதன் முதல் நிலைத் தேர்வில் கேட்பதும் வாசிப்பதும் மட்டும், இரண்டாம் நிலையில் கூடுதலாக எழுதுவது. வாயே திறக்காமல் தேறலாம். இந்த மேசையில் யாரும் பேனா எடுப்பதில்லை.

இடம் குறைவு, ஆறு பேருக்கு மேல் உட்கார முடியாது, இரண்டே முக்காலுக்குப் போய்விடுங்கள். நல்ல மழையென்றால் கூட்டம் குறையும், அன்றைக்கு நிறையப் பேசலாம். சைனாடவுனில் நடு இலையுதிர் விழா விளக்குகள் கட்டியிருக்கும்போது போவதாக இருந்தால் முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். அதே பௌர்ணமிதான் கொரியர்களுக்குச் சூசொக் பண்டிகை, அந்த வாரம் இருவரும் ஊருக்குப் போய்விடுவார்கள்.