பானெட்டுக்குள் ஒழுகுவது எது? பழைய பெட்ரோல் காரோடு குப்பை கொட்டிய அனுபவம்

பத்து வருடத்தைத் தாண்டிய பெட்ரோல் ஹாட்ச்பேக் ஒன்றைக் கோவையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வயதில் எந்தக் காருக்கும் இதெல்லாம் வரும். மைலேஜ், சஸ்பென்ஷன் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய கார் வைத்திருப்பவருக்குத் தேவைப்படுவது, பானெட்டுக்குள் ஒழுகுவது எது, எங்கிருந்து, எப்போது என்று கண்டுபிடிக்கிற வித்தை. இந்த மூன்றில் 'எப்போது' என்பதை யாரும் கேட்பதே இல்லை. என் காரில் விஷயமே அங்கேதான் இருந்தது.

முதலில் பயப்படத் தேவையில்லாததைச் சொல்லிவிடுகிறேன். ஏசி போட்டு ஓட்டி நிறுத்தியதும் முன் இடது சீட்டுப் பக்கமாகச் சொட்டுவது வெறும் தண்ணீர். நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது. மழைக்காலத்தில் கூட அது சொட்டவே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்; குழாய் அடைத்துக்கொண்டு உள்ளே கால் மேட்டை நனைக்கும். மற்றபடி விரலில் தொட்டு, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழவென்று இருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலண்டில் லேசான இனிப்பு வாடை வரும், காய்ந்த இடத்தில் பொருக்குத் தட்டும். பிரேக் ஆயில் என்று சந்தேகம் வந்தால் மேலே படிக்க வேண்டாம், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் கவலை எனக்கு இல்லை. என் காரில் அது எலெக்ட்ரிக்.

ஆயில் கசிவு சுலபம், ஆனால் ஏமாற்றும். தரையில் சொட்டு விழும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மேலே கசிந்தது பிளாக் மேல் வழிந்து, ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் இன்ஜினின் அடியில் ஆயில் வடிக்கிற சம்ப் போல்ட்டில் வந்து தொங்கும். அதைப் பார்த்துவிட்டு 'ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்' என்பார்கள். இன்ஜினைத் துடைத்துக் காயவைத்து, சந்தேகப்பட்ட இடமெல்லாம் முகப்பவுடரைத் தூவிவிட்டு, ஊருக்குள் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தேன். இன்ஜினின் மேல் மூடிக்கு அடியில் ஒழுகாமல் வைக்கிற டாப் கவர் பேக்கிங்கின் பின்மூலையிலிருந்து பவுடரில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ஈரத்தின் மிக உயரமான புள்ளி எதுவோ அங்கேதான் கை வைக்க வேண்டும். பேக்கிங்கை மாற்றினோம். சிக்னலில் நிற்கும்போது வந்துகொண்டிருந்த தீய்ந்த வாடையும் அதோடு போனது. இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டில் விழுந்து கருகிக்கொண்டிருந்ததும் அதே ஆயில்தான்.

கூலண்ட் கதைதான் இழுத்தது. கோவையில் ஓட்டும்வரை கூலண்ட் பாட்டிலில் அளவு அசையாது. ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போய் ஓர் இரவு தங்கினால், காலையில் அடியில் பச்சையாக ஒரு சின்ன ஈரம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மேடு ஏறுவதில் இன்ஜின் சூடாகிக் கக்குகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் டெம்பரேச்சர் முள் இருந்த இடத்திலேயே இருந்தது, ராத்திரி நிறுத்தியபோது தரையும் காய்ந்தே கிடந்தது. விடிந்த பிறகுதான் ஈரம்.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். வண்டி போய்ச் சேர்ந்த சூட்டோடு பிரஷர் டெஸ்டரை மாட்டினார்கள். ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அழுத்தம் வரைக்கும் கையால் பம்ப் அடிக்கிற கருவி அது. எங்காவது ஓட்டை இருந்தால் முள் இறங்கும். என் மூடியில் 1.1 என்று இருந்தது, 1.1 பார் வரை ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், முள் அசையவில்லை. இருந்தாலும் எஸ்டிமேட்டில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இரண்டும் இருந்தன. கேட்டால் 'பழைய வண்டி சார், மாத்திடறது நல்லது'. எது ஒழுகுகிறது என்று தெரியாமல் எதை மாற்றுவது? வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

அப்புறம் எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, 'சூட்டுல ஒழுகறது ஒரு ரகமுங்க, குளிர்ல ஒழுகறது வேற ரகம். மார்கழி வரட்டும், ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க' என்றார். அப்படியே விட்டேன். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு டெஸ்டரை மாட்டி அழுத்தம் ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். விடியற்காலையில் முள் பாதிக்கு இறங்கியிருந்தது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகத் தேடினோம். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் இன்ஜினில் சேருகிற கழுத்தில், கிளிப்புக்கு அடியில், பச்சை கலந்த வெள்ளைப் பொருக்கு வளையமாகப் படிந்திருந்தது. அதன் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, ஹோஸின் அடிவயிற்றோடு வழிந்து, அடித்தட்டில் விழுந்து, இன்னொரு மூலையில் தரைக்கு வந்துகொண்டிருந்தது.

காரணம் எளிது. கம்பெனியில் அந்த இடத்துக்குப் போட்டு வருவது ஸ்பிரிங் கிளிப். ரப்பர் சூட்டில் உப்பினாலும் குளிரில் சுருங்கினாலும் அது கூடவே விரிந்து, கூடவே கவ்வும். முன்பு ஹோஸ் மாற்றியபோது யாரோ ஸ்குரூ கிளிப் போட்டிருக்கிறார்கள். அது முறுக்கிய அளவிலேயே நிற்கும். வருடம் போகப் போக ரப்பர் இறுகி அமுங்கிவிட்டது; சூட்டில் உப்பி அடைத்துக்கொள்கிறது, நடுங்குகிற குளிரில் சுருங்கி வழி விடுகிறது. கழுத்தில் படிந்திருந்த பொருக்கை நைஸ் எமரித் தாளில் தேய்த்து எடுத்துவிட்டு, புது ஹோஸ், இரண்டு ஸ்பிரிங் கிளிப் போட்டு, கூலண்ட் நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றினோம். எஸ்டிமேட்டின் ஓரத்துக்குக் கூடக் காணாத செலவு. அதற்குப் பிறகு ஊட்டிக் குளிரிலும் தரை காய்ந்தே இருக்கிறது.

கருவிகளில் எது உதவியது? புற ஊதா வெளிச்சம் தரும் யுவி டார்ச், ஆயில் கசிவைத் தேட, ஆயிலில் அதற்கான சாயம் கலந்தால்தான் பிரயோஜனம். பல பச்சைக் கூலண்ட்கள் சாயமே இல்லாமல் அந்த வெளிச்சத்தில் மின்னும், இருட்டில் பார்த்தால் போதும். டெஸ்டர் நல்ல கருவி, ஆனால் ஆறிய இன்ஜினில், அவசரமில்லாத ஆள் கையில் இருக்க வேண்டும். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் பழைய வைத்தியத்தை நான் தொடவில்லை. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அது அடைத்துத் தொலைக்கும். குறைந்தால் ஊற்றுவதற்கும் டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலண்ட்தான்; போர் தண்ணீரை விடுங்கள், சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் வேண்டாம்.

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், மூடியின் அழுத்தத்தில் 125ஐத் தாண்டும். மூடி திறந்த நொடியில் அந்த வித்தியாசம் முகத்தில்தான் பீய்ச்சும். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றலாம், கை பத்திரம். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். கூலண்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெருநாய் நக்கினால் கிட்னி போய்ச் செத்துவிடும்.

இப்போது வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கிற சின்னத் துளையைச் சுற்றி லேசான கறை தெரிகிறது. உள்ளே சீல் தேய ஆரம்பித்தால் வெளியே காட்டிக்கொடுப்பதற்கென்றே வைத்த துளை அது. சொட்டு இன்னும் விழவில்லை. அடுத்த பெல்ட் மாற்றும்போது பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.